திரையில் பத்து மைக்ரான், வாயில் எவ்வளவு?

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போடுவதற்கு முன், மருத்துவர் வாயை ஸ்கேன் செய்து, தாடை அசைவதையும் பற்கள் தொடும் இடங்களையும் கணினியில் காட்டினார். இடைவெளி 0.01 மி.மீ. வரை, அதாவது பத்து மைக்ரான் வரை தெரிந்தது. ஆயினும் கேப்பைப் பொருத்தியதும் அது மற்றப் பற்களுக்கு முன்பே தட்டியது, தேய்த்துத்தான் சரிசெய்தார். அத்தனை நுட்பமான கணக்கு ஏன் பிசகியது?
– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: 0.01 மி.மீ. என்பது கணினி எண்ணைக் காட்டும் நுணுக்கமே தவிர, அளவு அவ்வளவு சரியாக எடுக்கப்பட்டது என்பதற்குச் சான்று அன்று. மின்விசிறிக்குக் கீழே வைத்த நகைக்கடைத் தராசும் மில்லிகிராம் காட்டத்தான் செய்யும்.

வாய்க்குள் செல்லும் ஸ்கேனர் சிறுசிறு படங்களை எடுத்து ஒன்றோடொன்று ஒட்டுகிறது. இரண்டு மூன்று பற்கள் வரை பிழை மிகக் குறைவு. வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகும்போது ஒட்டுப் பிழைகள் சேர்ந்து பல பத்து மைக்ரான்களாகி, சில வேளை 100 மைக்ரானையும் தாண்டும். அடுத்து, பற்களைக் கடித்த நிலையில் கன்னப்புறமாக எடுக்கும் ஸ்கேனைக் கொண்டுதான் மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் கணினி பொருத்துகிறது. என் பார்வையில், பிழை பெரும்பாலும் நுழையும் வாசல் இதுவே. ஒருபுறம் இம்மியளவு சாய்ந்தாலும் திரையில் ஒரு பல் எதிர்ப்பல்லுக்குள் புதைந்து நிற்கும். அதை எவ்வாறு விலக்குவது, எத்தனை மைக்ரான் நெருக்கத்தைத் தொடுகை எனச் சிவப்பாகக் காட்டுவது என்பவை மென்பொருளின் அமைப்பைப் பொறுத்தவை.

தாடை அசைவுக்கு வருவோம். தாடை மூட்டின் சுழல் அச்சு எங்கே இருக்கிறது என்பதை அந்த நபரிடம் அளக்காமல், மூட்டுச் சரிவு (தாடை முன்னே நகரும்போது மூட்டு இறங்கும் கோணம்) 30 பாகை, பக்கவாட்டுக் கோணம் (தாடை பக்கவாட்டில் நகரும்போது மூட்டு உட்புறம் சாயும் கோணம்) 15 பாகை என்பன போன்ற சராசரி மதிப்புகளைக் கொடுத்துக் கணக்கிடுவது வழக்கம். அச்சு 5 மி.மீ. பிசகி, கடிப்பதிவின் (கடிநிலையைப் பதிக்க மேல், கீழ்ப் பற்களுக்கு இடையே வைக்கும் மெழுகு போன்ற பொருளின்) தடிமன் 3 மி.மீ. ஆக இருந்தால், கடைவாயில் ஏறத்தாழ 0.2 மி.மீ. பிழை வரும். போதாததற்கு, கணினி பல்லைக் கல்லாகக் கருதுகிறது. உண்மையிலோ வேரைச் சுற்றியுள்ள மெல்லிய நார்த்திசு, கடிக்கும் அழுத்தத்தில் பல்லைச் சில பத்து மைக்ரான் அமிழ விடுகிறது.

இத்தனைக்கும் எதிரே, பற்களுக்கிடையே 20 மைக்ரான் அளவிலான தகட்டையும் உணரக்கூடியது மனித வாய். ஆகவே தங்களுக்குத் தட்டியது வியப்பன்று. நிறத்தாளை வைத்துக் கடிக்கச் சொல்லிச் சிறிது தேய்ப்பது இந்த வேலையின் இயல்பான பகுதி. கேப்பின் வடிவமே மாறுமளவு தேய்க்க நேர்ந்தால் மட்டும், கடிநிலை ஸ்கேனை மீண்டும் எடுத்தார்களா என்று கேட்கலாம்.

கேள்வி: அப்படியானால் ஒவ்வொருவருக்கும் தாடை அசைவைக் கருவி வைத்துப் பதிவு செய்ய வேண்டாமா?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஒற்றைக் கேப்புக்குப் பெரும்பாலும் தேவையில்லை, பக்கத்துப் பற்களே கடியை நிறுத்திக் காட்டும். வாய் முழுவதையும் புதிதாகக் கட்டும்போது அத்தகைய பதிவு பயன் தரும். மற்றபடி, மரத்துப்போன வாயால் சரியாகக் கடித்துக் காட்ட முடியாது. மருந்தின் வேகம் தணிந்தபின் தட்டுவது தெரிந்தால், பழகிவிடும் என்று காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.