உடம்பை மறந்திருப்பது

வணக்கம் சார்,

சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில், உடம்பைத் தள்ளிவைத்துவிட்டுப் பிரக்ஞையைப் புரிந்துகொள்ள முடியாது என்று ஒரு வரி போகிற போக்கில் வருகிறது. அதைப் படித்ததிலிருந்து உங்களோடு ஒரு சண்டை போட வேண்டும் என்று இருந்தேன்.

நான் மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறேன். எனக்குப் படுவது இதுதான். உடம்பு ஒரு கார், 'நான்' என்பது அதை ஓட்டுகிற டிரைவர். கார் அடிபட்டால் டிரைவருக்குச் சிரமம்தான், ஆனால் கார் வேறு, டிரைவர் வேறு. நம் ஊரிலும் காலம்காலமாக இதைத்தானே சொல்லி வந்திருக்கிறார்கள்? ரமணர் பதினாறு வயதில் மதுரையில் தரையில் படுத்து, சாவது உடம்புதான், நான் இல்லை என்று கண்டுகொண்டார். அவ்வளவு தூரம் போவானேன், கனவில் உடம்பு கட்டிலில் கிடக்க நான் எங்கெங்கோ போய்வருகிறேன்.

இன்னொன்று. இப்போதைய ஏஐ செயலிகளுக்குக் கை, கால், வயிறு எதுவும் கிடையாது. மனிதர்கள் எழுதி வைத்ததைப் படித்தே இவ்வளவு பேசுகின்றன. அறிவுக்கு டேட்டா போதும் என்றால் பிரக்ஞைக்கு மட்டும் உடம்பு எதற்கு?

அன்புடன்,
கே.

*

அன்புள்ள கே.,

காரிலிருந்தே ஆரம்பிக்கலாம். மனம் வேறு, உடல் வேறு என்று பிரித்துப் போட்டதற்காக இன்றுவரை திட்டு வாங்குகிறவர் பிரெஞ்சுத் தத்துவவாதி ரெனே தெகார்த். உங்கள் உவமையை அந்த மனிதரே ஏற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் வேடிக்கை. 1641இல் வெளிவந்த 'தியானங்கள்' நூலில், மாலுமி கப்பலுக்குள் இருப்பதுபோல நான் உடம்புக்குள் இருக்கவில்லை என்கிறார். அப்படி இருந்திருந்தால் காயம் பட்டால் வலிக்காது. கப்பலில் எங்கோ உடைந்திருக்கிறது என்று மாலுமி பார்த்துத் தெரிந்துகொள்வதுபோல நானும் தெரிந்துகொள்வேன், அவ்வளவுதான். டயர் பஞ்சரானால் டிரைவர் இறங்கிப் போய்ப் பார்க்கிறார். முள் குத்தினால் நீங்கள் பார்த்தா தெரிந்துகொள்கிறீர்கள்? 'அம்மா' என்று கத்திய பிறகுதான் குனிந்து காலைப் பார்க்கிறீர்கள்.

இதையும் சொல்லிவிட்டு அவர் இரண்டையும் பிரித்தேதான் வைத்தார். விடாமல் கேட்டவர் ஓர் இளம்பெண், பொஹீமியாவின் இளவரசி எலிசபெத். தந்தை அரியணையை இழந்ததால் குடும்பம் ஹேக் நகரில் அடைக்கலம் புகுந்திருந்தது. 1643 மே மாதம், 24 வயதில், தெகார்த்துக்குக் கடிதம் எழுதுகிறார். ஆன்மா என்பது இடத்தை அடைக்காத, வெறும் சிந்தனையே ஆன பொருள் என்கிறீர்களே, அது எப்படி உடம்பைப் பிடித்து அசைக்கும் என்பது கேள்வி. தெகார்த் ஏதோ சமாதானம் சொல்கிறார். எலிசபெத் ஒத்துக்கொள்வதாக இல்லை. பொருளற்ற ஒன்று பொருளை அசைக்கிறது என்று நம்புவதைவிட, ஆன்மாவுக்கே பொருளின் தன்மை உண்டு என்று ஒப்புக்கொள்வது எனக்குச் சுலபம் என்று பதில் எழுதுகிறார். கடைசியில் தெகார்த் சொன்னது: தத்துவ யோசனையை விட்டுவிட்டு அன்றாட வாழ்க்கையிலும் பேச்சிலும் இருக்கும்போதுதான் மனமும் உடலும் ஒன்றாக இருப்பது நமக்குப் புரியும். இது பதிலா, நழுவலா என்று எனக்கு இன்னும் தீர்மானமில்லை. இரண்டு வருடம் கழித்து எலிசபெத்துக்கு விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தபோது, மனத்துயரம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று எழுதியவரும் இவரேதான். கொள்கையில் பிரித்தவர், தோழிக்குக் காய்ச்சல் வந்ததும் சேர்த்தே வைத்தியம் பார்த்திருக்கிறார்.

சரி, தத்துவம் போதும். எனக்கு இந்த விஷயத்தைப் புரியவைத்தவர் ஒரு கசாப்புக் கடைக்காரர்.

இயன் வாட்டர்மன் இங்கிலாந்துக்காரர். ஜெர்சி தீவில் இறைச்சி வெட்டும் வேலை பார்த்தவர். 1971இல், 19 வயதில், காய்ச்சலோடு ஏதோ ஒரு தொற்று வந்தது. அது போகும்போது கழுத்துக்குக் கீழே இரண்டைக் கொண்டுபோனது. ஒன்று தொடு உணர்வு. இன்னொன்று, கை கால் எங்கே இருக்கிறது, எப்படி மடங்கியிருக்கிறது என்று தசைகளிலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் மூளைக்குப் போய்க்கொண்டே இருக்கும் சேதி. இந்த இரண்டாவதை நாம் ஒரு புலனாக எண்ணுவதே இல்லை, ஏனென்றால் அது ஒரு நாளும் லீவு போட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலால் மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்கள். விரல் எப்படிச் சரியாகப் போய்ச் சேர்ந்தது? அந்தச் சேதியால்தான்.

வாட்டர்மனுக்கு வந்தது பக்கவாதம் அல்ல. மூளையிலிருந்து தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகள் நன்றாகவே இருந்தன. வலியும் சூடும் குளிரும் தெரிந்தன. ஆனால் கையைத் தூக்கு என்று மூளை சொன்னால், தூக்கியாயிற்று என்று திரும்பிச் சொல்ல வழியில்லை. கை எங்கேயோ வீசிக்கொண்டு போகும். படுத்திருந்தாலும் முதுகுக்குக் கீழே கட்டில் இருப்பது தெரியாது. இனி வாழ்நாள் முழுக்கச் சக்கர நாற்காலிதான் என்றார்கள் மருத்துவர்கள்.

அவர் கேட்கவில்லை. படுத்தபடியே தன் வயிற்றைப் பார்த்தார். எந்தத் தசையை இறுக்கினால் உடம்பு எழும் என்று யோசித்து, பார்த்துப் பார்த்து அதை இறுக்கி, ஒருநாள் எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் கவனம் சிதற, கட்டிலிலிருந்து விழப்போனார். நடக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. உள்ளிருந்து வர வேண்டிய சேதியையெல்லாம் கண் வழியாக வாங்கிக்கொண்டார். கால் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அடுத்து எங்கே வைக்க வேண்டும் என்று நினைத்து, வைத்தபின் அது நிற்கிறதா என்று மறுபடி பார்த்து அடுத்த அடி. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் நிதானமாக நடக்கும் ஆள், அவ்வளவுதான். ஆனால் விளக்கு அணைந்தால் நின்ற இடத்திலேயே சரிந்து விழுவார். முட்டையைக் கையில் எடுத்தால் அதை உடைக்காமல் பிடித்திருப்பதே ஒரு முழு வேலை. சாதாரண ஜலதோஷம் பிடித்தாலும் படுத்துவிட வேண்டியதுதான். தலை கனத்தால் நடப்பதற்கு வேண்டிய கவனம் கூடாது. நாமெல்லாம் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது எதையாவது நினைத்துக்கொண்டே போகிறோமே, அது அவரால் முடியாது. நடந்தால் நடையைத்தான் நினைக்க வேண்டும். பல வருடம் அவரை ஆராய்ந்த நரம்பியல் மருத்துவர் ஜானதன் கோல் 1991இல் அவர் கதையை எழுதியபோது தலைப்பிலேயே 'தினசரி மாரத்தான்' என்று வைத்தார்.

இப்போது உங்கள் வாதத்தை இவரிடம் கொண்டுபோங்கள். 'நான்' டிரைவர் என்றால், உலகத்திலேயே சுத்தமான டிரைவர் வாட்டர்மன்தான். கழுத்துக்குக் கீழே உள்ளதைக் கண்ணால் பார்த்து, உத்தரவு போட்டு ஓட்டுகிறார். அப்படியென்றால் உடம்பிலிருந்து விடுபட்ட தெளிந்த மனம் அவருக்குத்தானே வாய்த்திருக்க வேண்டும்? நடந்தது நேர்மாறு. உடம்பைத் தவிர வேறு எதையும் நினைக்க நேரமில்லாத மனிதராக ஆகிப்போனார். நீங்கள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, நான் உடம்பல்ல என்று நிம்மதியாக யோசிக்க முடிகிறது என்றால், முதுகும் இடுப்பும் கழுத்தும் உங்களைத் தொந்தரவு செய்யாமல் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்வதால்தான். உடம்பு வேண்டாம் என்று தோன்றுவதே உடம்பு கொடுக்கும் வசதி. நான் அந்த ஒரு வரியில் சொல்ல வந்தது இதைத்தான். விரித்து எழுதியிருக்கலாம்.

வாட்டர்மனிடம் இன்னொரு விசித்திரமும் உண்டு. கோல், ஷான் கேலகர், டேவிட் மெக்நீல் மூவரும் சேர்ந்து, அவர் கைகள் அவருக்கே தெரியாதபடி மறைத்துவிட்டு ஒரு கதையைச் சொல்லச் சொன்னார்கள். பார்க்காமல் ஒரு பொருளை ஒழுங்காகக் கையாள முடியாத அதே கைகள், கதை சொல்லும்போது பேச்சின் தாளத்துக்குச் சரியாக அசைந்தன. அவர் கைகளைப் பார்க்கவும் இல்லை, கைகளிலிருந்து சேதி வரவும் இல்லை. பேச்சு வந்தது, கையும் கூடவே வந்தது. பேசும்போது கையை ஆட்டுவது கேட்பவருக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்கிறவரின் சிந்தனையிலேயே கைக்குப் பங்கு இருக்கிறது போலிருக்கிறது. போனில் பேசுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள்.

ரமணருக்கு வருவோம். 1896இல் மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில் சித்தப்பா வீட்டு மாடி அறையில் அந்தப் பையனுக்குத் திடீரென்று மரண பயம் வந்தது. உடம்பில் நோய் ஒன்றும் இல்லை. அவர் கண்டடைந்ததைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அது உள்ளே போனவர்கள் பேச வேண்டிய விஷயம். ஆனால் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். புத்தகத்தை எடுக்கவில்லை, தர்க்கம் செய்துகொண்டு உட்காரவில்லை. தரையில் படுத்தார். கை கால்களை நீட்டிப் பிணம்போல விறைப்பாக்கினார். மூச்சை அடக்கினார். உதடுகளை இறுக மூடிக்கொண்டார். சாவை உடம்பால் நடித்துப் பார்த்த பிறகுதான், இது யார் என்ற கேள்வி அவருக்கு எழுகிறது. உடம்பு நான் அல்ல என்ற முடிவுக்கும் உடம்பு வழியாகத்தான் போயிருக்கிறார். ஆசனத்தின் காரியமும் இதுதானே? உடம்பு மறந்துபோகிற அளவுக்கு அதை நிலையாக உட்காரவைப்பது. கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நிமிர்ந்து உட்கார் என்றால் வாட்டர்மன் என்ன பாடுபட வேண்டியிருக்கும் என்று யோசியுங்கள்.

கனவு வாதம் நிற்காது. கனவில் நீங்கள் பறக்கலாம், ஆனால் அங்கேயும் கை விரித்து, கீழே பார்த்து, விழுந்துவிடுவோம் என்று வயிறு கலங்கித்தான் பறக்கிறீர்கள். போதாக்குறைக்குக் கட்டிலில் கிடக்கிற உடம்பும் சும்மா இருப்பதில்லை. கனவு முழுக்கக் கழிப்பறை தேடி அலைந்துவிட்டு எழுந்து ஓடாதவர் யார்?

செயலிகள் விஷயத்தில் எனக்கு நினைவு வருவது ஒரு பழைய பரிசோதனை. 1963இல் ரிச்சர்ட் ஹெல்ட், ஆலன் ஹெயின் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் பூனைக்குட்டிகளை இருட்டில் வளர்த்தார்கள். தினமும் சில மணி நேரம் மட்டும் வெளிச்சத்தில், சுற்றுச்சுவரில் கோடுகள் போட்ட ஓர் உருளைக்குள் இரண்டிரண்டாக விடுவார்கள். நடுவில் ராட்டினம்போல ஒரு தண்டு. அதன் ஒரு முனையில் கட்டப்பட்ட குட்டி தன் காலால் நடக்கும். மறுமுனையில் தொங்கும் கூடையில் இன்னொரு குட்டி சும்மா உட்கார்ந்திருக்கும். முதல் குட்டி திரும்பினால் கூடையும் திரும்பும், ஆகவே இரண்டின் கண்ணிலும் விழும் காட்சி கிட்டத்தட்ட ஒன்றேதான். பிறகு வெளியே விட்டபோது நடந்த குட்டிக்குப் பார்வை சாதாரணமாக இருந்தது. கூடையில் இருந்ததற்குப் பள்ளம் எது தரை எது என்று தெரியவில்லை. ஏதாவது ஒரு பரப்பின் மேல் இறக்கினால் மற்றப் பூனைகளைப்போலக் காலை நீட்டித் தயாராகவும் தெரியவில்லை. கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. தானாக நடமாட விட்டதும் இரண்டு நாளில் தேறிவிட்டது.

உங்கள் மொழியில் சொன்னால், இரண்டுக்கும் டேட்டா ஒன்றுதான். தன் அசைவோடு சேர்ந்து வந்த காட்சிதான் பார்வையாக ஆயிற்று. இதை வைத்துக்கொண்டு இயந்திரத்துக்குப் பிரக்ஞையே வராது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். அந்தப் பரிசோதனை பார்வையைப் பற்றியது, பிரக்ஞையைப் பற்றியது அல்ல. ஆனால் எனக்கு வேறு ஒரு இடத்தில் இடிக்கிறது. உங்கள் செயலி பசியைப் பற்றி லட்சம் வரி படித்திருக்கலாம், என்னைவிட நன்றாகவே எழுதலாம். சாப்பிடாவிட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. உடம்பை உயிரோடு வைத்திருக்கும் ஓயாத வேலை, அதாவது சூடு, மூச்சு, நாடித்துடிப்பு எல்லாவற்றையும் ஓர் அளவில் நிறுத்தும் வேலை, அதிலிருந்துதான் உணர்வே கிளம்புகிறது என்று அனில் சேத் போன்ற நரம்பியலாளர்கள் வாதாடுகிறார்கள். நிரூபணமான விஷயம் என்று சொல்லமாட்டேன். என் சாய்வு அந்தப் பக்கம்.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி உண்டு. நான் உங்கள் கட்சியில் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன். மூளைத்தண்டில் ரத்தக்குழாய் அடைத்து, உடம்பு முழுவதும் அசைவற்றுப்போய், கண் மட்டும் மிஞ்சும் நோயாளிகள் இருக்கிறார்கள். பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ழான்-தொமினிக் போபிக்கு 1995இல் அப்படி ஆயிற்று. இடது இமையைச் சிமிட்டியே, எழுத்து எழுத்தாக ஒரு புத்தகம் சொல்லி முடித்தார். சிந்தனை கொஞ்சமும் மங்கவில்லை, கோபமும் கேலியும் அப்படியே இருந்தன. அசைவுதான் பிரக்ஞை என்று பேசுகிறவர்களுக்கு இந்த இமை ஒன்றே பதில். நான் அவர்களோடு சேரவில்லை. ஆனால் இந்த நிலையில் வெட்டுப்படுவது பெரும்பாலும் மூளையிலிருந்து கீழே போகும் வழி. மேலே வரும் வழி பொதுவாகத் திறந்தேதான் இருக்கிறது. ஈ உட்கார்ந்தால் தெரியும், தோள் மரத்துப்போனால் வலிக்கும், ஓட்ட முடியாது, அவ்வளவுதான். வாட்டர்மனுக்கு மேலே வரும் வழியில் பாதி போயிற்று, போபிக்குக் கீழே போகும் வழி போயிற்று. இரண்டும் முழுக்க அறுந்து, இதயத்திலிருந்தோ வயிற்றிலிருந்தோ ஒரு சேதியும் எட்டாமல், தனியாக ஒரு மூளை விழித்திருந்ததை இதுவரை யாரும் கண்டதில்லை. அப்படி ஒன்று வந்தால் நான் என் வாதத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

அன்புடன்.