‘பிரிட்ஜ்’ என்ற ஆங்கிலச் சொல்லை நேர்ப்பொருளிலும் உருவகப் பொருளிலும் ஆள்வது எப்படி?

‘பிரிட்ஜ்’ என்ற ஒரே சொல்லை இருபொருளிலும் வைத்து ஆங்கில வாக்கியங்கள் எழுதுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேர்ப்பொருள் எளிது. 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம் யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பூநகரியோடு இணைக்கிறது; ‘த பிரிட்ஜ் குரொசஸ் த லகூன்’ என்றால் பாலம் கடல்நீரேரியைக் கடக்கிறது என்பதே பொருள்.

உருவகத்தில் நீரின் இடத்தில் இடைவெளியோ வேற்றுமையோ நிற்கிறது. ‘மியூசிக் இஸ் எ பிரிட்ஜ் பிட்வீன் ஜெனரேஷன்ஸ்’ என்று எழுதும்போது தலைமுறைகள் இரு கரைகளாகவும் இசை அவற்றுக்கிடையிலான பாலமாகவும் ஆகின்றன. தமிழிலும் ‘உறவுப் பாலம்’ என்கிறோம் அல்லவா?

வினையாக வரும்போதுதான் கவனம் வேண்டும். ‘பிரிட்ஜ் த கேப்’ என்ற தொடரில் செயப்படுபொருளாக வருவது இடைவெளியே; ‘இருவரையும் இணைத்தார்’ என்று கரைகளையே செயப்படுபொருளாக்கிப் பழகிய நமக்கு இது எளிதில் கைவராது, ஆகவே அத்தொடரை முழுதாகவே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

‘பேர்ன் யுவர் பிரிட்ஜஸ்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டாம். கடந்துவந்த பாலத்தை எரித்துவிட்ட படை பின்வாங்க முடியாது. அவ்வாறே, வேலையை விட்டு விலகும்போது மேலாளரைப் பகைத்துத் திரும்பும் வழியை அடைத்துக்கொள்பவரை அத்தொடர் குறிக்கிறது.