குட்டி ரசிகர் புனைவில் பாத்திரத்தின் இயல்பு கெடாமல் உணர்ச்சியைக் கொண்டுவருவது எப்படி?

ஒரு நாவலின் பாத்திரத்தை வைத்து ரசிகர் புனைவாக நீங்கள் எழுதிய குட்டிக் கதையை வாசித்தவர்களில் சிலர் ‘இது அவள் இல்லை’ என்றும், வேறு சிலர் ‘மனத்தைத் தொடவில்லை’ என்றும் சொன்னதாகக் குறிப்பிட்டு, எதை முதலில் திருத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே குறைதான் என்பது என் எண்ணம். யாருக்கும் பொருந்தக்கூடிய அழுகையை ஒரு பாத்திரத்துக்குக் கொடுத்துவிட்டால், அந்தப் பாத்திரமும் யாரோ ஒருவராகிவிடுகிறது.

நான் இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில், முள்ளியவளையில் வசிக்கிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் கூடி, எழுதியவற்றை வாய்விட்டு வாசித்துப் பேசுவது எங்கள் வழக்கம். சென்ற மாரியில், உயர்தரம் படிக்கும் மாணவி ஒருவர் கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னில் வரும் ஊமை ராணி மந்தாகினியைப் பற்றி இரண்டு பக்கக் கதையொன்று கொண்டுவந்தார். காவிரியில் விழுந்த சோழ இளவரசன், குழந்தை அருள்மொழியைத் தூக்கிப் படகில் சேர்த்துவிட்டு அவள் மறைந்துபோன பின்னான சில நிமிடங்களே கதை. மிக நல்ல தேர்வு. ஏனெனில் மற்றவர்கள் காவிரித்தாயே வந்து காப்பாற்றியதாக நம்பிக்கொண்டிருக்க, அந்தப் பெண் எப்படிக் கரையேறினாள் என்பது வாசகரின் கற்பனைக்கே விடப்பட்ட இடம். ஆனால் கதையில் அவள் உள்ளம் வெடித்தது, சொல்லொணாத் துயரம் அவளை வாட்டியது, பிறகு ஒரு பக்கம் முழுவதும் அவள் மனத்துக்குள் விதியை நொந்து பேசிக்கொண்டேயிருந்தாள். வாசித்து முடிந்ததும், ஓலைப் பெட்டி இழைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா சொன்னார்: “கதைக்க ஏலாத மனுசியை இவ்வளவு கதைக்க வைச்சிட்டியே பிள்ளை.”

அந்த ஒரு வரியில் முழு விமர்சனமும் இருந்தது. நாவலில் மந்தாகினி தன் கதையை அருள்மொழிவர்மனுக்குச் சித்திரங்களைக் காட்டித்தான் உணர்த்துகிறாள். அவளுடைய மொழி கண்ணிலும் கையிலும் இருக்கிறது. அவளை அறிந்த வாசகரிடம், வாயுள்ள ஒருவர் புலம்புவதைப்போல அவளைப் புலம்ப விட்டால், இயல்பும் போகிறது, துயரமும் ஒட்டாமல் போகிறது. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதி வளர்க்கப்பட்ட ஒரு பாத்திரத்தை வாசகர் ஏற்கெனவே சுமந்துகொண்டு வருகிறார். அறிமுகத்துக்கு உங்களுக்கு ஒரு வரியும் செலவில்லை. மிச்சப்பட்ட அந்த இடத்தை உணர்ச்சிக்குப் பெயர் சூட்டச் செலவிடாமல், அவளால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு செயலைக் காட்டச் செலவிடுங்கள்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மதுரையை எரித்த பின் கண்ணகி இலங்கைக்கு வந்தாள் என்று தொடங்கும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் ஐதீகத்தை, சிலப்பதிகாரத்துக்கு எழுந்த ரசிகர் புனைவு என்று சொல்வதை நான் அவமரியாதையாக எண்ணவில்லை. நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு கிழவியாக வந்து அவள் பசி என்கிறாள், விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை ஊற்றச் சொல்கிறாள், அது எரிகிறது. வைகாசிப் பொங்கலில் இன்றும் உப்புநீரில்தான் விளக்கேற்றுகிறார்கள். பிறகு தலை கடிக்கிறது, பேன் பாருங்கள் என்று குனிகிறாள். மயிரை விலக்கிய சிறுவர்கள் காண்பது தலையெங்கும் கண்கள்.

அவள் களைத்திருந்தாள் என்றோ கோபம் ஆறவில்லை என்றோ சொல்ல வேண்டிய தேவையே இந்தக் கதையில் எழவில்லை. பேன் பார்க்கக் கேட்பதில் களைப்பு இருக்கிறது, மயிருக்கடியில் விழித்திருக்கும் கண்களில் மதுரை இருக்கிறது. மூலத்திலும் அவள் சொல்லைச் சிந்தாதவள்தான்: கணவனை மீளப் பெறச் சோமகுண்டம், சூரியகுண்டம் என்ற துறைகளில் நீராடலாம் என்று தோழி தேவந்தி சொன்னபோது, ‘பீடன்று’, அதாவது அது பெருமையல்ல, என்பதே அவளுடைய பதில். அதே பெண் பாண்டியன் சபையில் பொங்கிப் பேசுகிறாள் என்றால், அந்த மாற்றத்துக்குக் காவியம் வழி அமைத்துத் தந்திருக்கிறது. உங்கள் கதையிலும் பாத்திரம் மாறலாம், தடையில்லை. அந்த வழி மூலத்தில் எங்கே திறக்கிறது என்பதை மட்டும் முதலில் தேடிக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் அந்த மாணவி கதையைத் திருத்திக் கொண்டுவந்தார். இப்போது மந்தாகினி கரையேறி ஈரச் சேலையோடு நிற்கிறாள்; குழந்தையைத் தாங்கிய இரு கைகளையும் இறக்காமல், அந்தப் பாரம் இன்னும் இருப்பதுபோல நெஞ்சளவில் வைத்திருக்கிறாள்; படகு திரும்பி மறையும் வரை கைகளைத் துடைக்கவில்லை. அவ்வளவுதான், முக்கால் பக்கம். வாசிப்பு முடிந்தும் சற்றுநேரம் ஒருவரும் பேசவில்லை. பெட்டி இழைக்கும் அம்மா மட்டும், கடைசியில் அவள் கையை முகர்ந்து பார்த்திருப்பாள் என்றார். அது கூடுதல் என்று நானும், இல்லை, அதுதான் தாய் என்று மற்றவர்களும் அன்று இருட்டும் வரை வாதாடினோம். மாணவி இன்னும் அந்த வரியைச் சேர்க்கவில்லை.