குளத்தின் நீளத்தைக் கடந்துவிட்டால் நீச்சல் தெரியும் என்று கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது; நீச்சல் தெரியாது. 9 வயது மகள் மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகு 25 மீட்டர் குளத்தை நிற்காமல் நீந்திக் கடக்கிறாள். வரும் விடுமுறையில் அவளை ஆற்றிலும் கடலிலும் இறங்க விடலாமா? 4 வயது மகனுக்குக் கைகளில் காற்றடைத்த பட்டைகளை மாட்டிவிட்டால் போதுமா? இந்த வயதில் நானும் கற்றுக்கொள்ள இயலுமா? கண்ணெதிரே யாராவது தண்ணீரில் தத்தளித்தால், நீந்தத் தெரியாத நான் என்ன செய்வது?

பதில்: சுருக்கமான விடைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மகளை இப்போதைக்கு ஆற்றிலோ கடலிலோ தன்போக்கில் இறங்க விட வேண்டாம். மகனுக்குக் காற்றுப் பட்டைகள் போதா. நீங்கள் தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம். தத்தளிப்பவரை நோக்கி நீங்கள் தண்ணீரில் குதிக்கக் கூடாது. இவற்றின் காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம் புரியாமல் மனப்பாடம் செய்த விதி, அவசரத்தில் கைகொடுப்பதில்லை.

உங்கள் மகள் நீந்திக் கடந்த 25 மீட்டர் என்பது தெளிந்த, வெதுவெதுப்பான, அசைவற்ற நீர். அடியில் நேர்கோடு தெரிகிறது, எதிரே சுவர் இருக்கிறது, களைத்தால் பிடித்துக்கொள்ளப் பக்கத்திலேயே கயிறு இருக்கிறது, கரையில் பயிற்சியாளர் நிற்கிறார். ஆபத்தில் சிக்கும் எவரும் நீச்சலுடை அணிந்து, மூச்சைச் சீராக்கிக்கொண்டு, சுவரை உதைத்துத் தொடங்குவதில்லை. அவர்கள் வழுக்கி விழுகிறார்கள், அல்லது இடுப்பளவு நீரில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடியில் கால் நிலைக்காத ஆழத்துக்குள் போய்விடுகிறார்கள். ஆகவே எவ்வளவு தொலைவு நீந்துகிறாள் என்பதைவிட, எதிர்பாராமல் மூழ்கினால் மேலே வந்து, மூச்சைப் பிடித்து நிறுத்தி, திசையறிந்து வெளியேற முடிகிறதா என்பதே பார்க்க வேண்டியது.

இதற்கு அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் வகுத்துள்ள ஓர் அளவுகோல் நடைமுறைக்கு மிகவும் ஏற்றது. ஆளுயரத்தை மிஞ்சிய ஆழத்தில் இறங்கி முழுவதும் மூழ்கி மேலே வருவது, ஒரு நிமிடம் மிதப்பது அல்லது நின்ற நிலையிலேயே காலை அசைத்து நிலைநீச்சலில் இருப்பது, முழு வட்டமாகத் திரும்பி வெளியேறும் இடத்தைக் கண்டுகொள்வது, 25 கெஜம், அதாவது ஏறத்தாழ 23 மீட்டர் நீந்தி அவ்விடத்தை அடைவது, ஏணியின் உதவியின்றிக் கரையேறுவது ஆகிய ஐந்தையும் அது கேட்கிறது. இந்த ஐந்தில் உங்கள் மகள் இதுவரை செய்து காட்டியிருப்பது நான்காவதை மட்டுமே. மற்றவற்றையும் பயிற்சியாளர் முன்னிலையில் இடைவெளியின்றித் தொடர்ச்சியாகச் செய்யச் சொல்லுங்கள். முதலில் நீச்சல் கண்ணாடி இல்லாமல், பிறகு வழக்கமான சட்டையும் காற்சட்டையும் அணிந்து செய்யட்டும். நன்றாக நீந்தும் பிள்ளைகள்கூடப் பெரும்பாலும் கடைசிச் செயலில்தான் திணறுவார்கள். நனைந்த துணி உடலோடு ஒட்டியிருக்க, களைத்த கைகளால் விளிம்பைப் பிடித்து முழங்கையை ஊன்றி, மார்பை மேலே ஏற்றி, பிறகு ஒரு காலைத் தூக்கி வைப்பது தனியாகப் பழக வேண்டிய வித்தை.

ஐந்திலும் முதலில் வலுவாக்க வேண்டியது மிதப்பதை. நுரையீரல் நிறையக் காற்று இருக்கும்போது பெரும்பாலோரின் உடல் தண்ணீரைவிடச் சற்றே அடர்த்தி குறைந்தது. மூச்சை முழுவதும் வெளியேற்றிவிட்டால் பலருடைய உடல் அடர்த்தி கூடி மூழ்கத் தொடங்கும். வேறுபாடு மிகச் சிறிது என்பதால், நீருக்கு வெளியே எதையெல்லாம் தூக்குகிறோமோ அதன் எடை முழுவதும் மற்ற பகுதியைக் கீழே தள்ளும். பயந்தவர் செய்வது இதைத்தான்: தலையையும் கைகளையும் வெளியே நீட்டுகிறார், அதனாலேயே உடல் அமிழ்கிறது. மல்லாந்து படுத்து, காதுகள் நீருக்குள் இருக்கும்படி தலையைப் பின்னே சாய்த்து, முகவாயை வானத்தை நோக்கி உயர்த்தி, கைகளை நீருக்குள் அகல விரித்தால் வாயும் மூக்கும் மேலே நிற்கும். கால்கள் கீழே தொங்கினால் கவலை வேண்டாம். பலருக்கு அப்படித்தான் இருக்கும், குறிப்பாகக் கொழுப்புக் குறைந்து தசை மிகுந்த உடலுக்கு. உள்ளங்கைகளை மெல்ல அலைத்துக்கொண்டிருந்தால் போதும். கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ இரண்டரை விழுக்காடு அடர்த்தி மிக்கது என்பதால் அங்கே மிதப்பது சற்று எளிது. ஆனால் அலை முகத்தில் அடிக்கும்.

திறந்த நீர்நிலைகளில் குளத்தில் இல்லாத மூன்று சிக்கல்கள் உண்டு. முதலாவது குளிர். வெப்பநிலை 15 பாகை செல்சியசுக்குக் குறைந்த நீரில் திடீரென விழுந்தால் உடல் தன்னையறியாமல் ஒரு பெருமூச்சை உள்ளிழுக்கும். வாய் நீருக்குள் இருக்கும் நொடியில் அது நிகழ்ந்தால் எவ்வளவு தேர்ந்த நீச்சல்காரருக்கும் ஆபத்து. இந்த அதிர்ச்சி ஓரிரு நிமிடங்களில் தணிந்துவிடும் என்பதால், அதுவரை நீந்த முயலாமல் மல்லாந்து மிதந்திருப்பதே சரி. இரண்டாவது, அடிமட்டம் தெரியாமை. கலங்கிய நீரில் பாறையும் மரக்கிளையும் பள்ளமும் கண்ணுக்குத் தெரியா. ஆழம் உறுதியாகத் தெரியாத எந்த நீரிலும் தலைகீழாகப் பாய்ந்து கழுத்தெலும்பு முறிந்தவர்கள் வாழ்நாள் முழுவதும் கைகால் அசைவிழந்து போவதுண்டு. நேற்று பாய்ந்த இடம்தானே என்ற நம்பிக்கையும் ஆற்றில் செல்லாது, ஒரே வெள்ளத்தில் மணல்மேடு இடம் மாறிவிடும்.

மூன்றாவது நீரோட்டம். கடற்கரையில் அலைகள் கொண்டுவந்து குவித்த நீர் ஏதேனும் ஒரு குறுகிய வாய்க்கால் வழியாக மீண்டும் கடலுக்குள் பாயும். அலை உடையாமல், சுற்றிலும் இருப்பதைவிட அமைதியாகவும் சற்றுக் கருமையாகவும் தெரியும் அந்தப் பட்டைதான் பாதுகாப்பான இடம்போலத் தோன்றி ஆட்களை ஈர்க்கும். அது யாரையும் அடியில் இழுத்து அமுக்குவதில்லை, கரையிலிருந்து விலக்கிக் கொண்டுபோகிறது. அதை எதிர்த்துக் கரையை நோக்கி நேராக நீந்திக் களைத்துப்போவதால்தான் உயிர் போகிறது. இழுபட்டவர் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்தை அடைந்த பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். ஆற்றில் இழுபட்டால் மல்லாந்து, கால்களை நீரோடும் திசையில் முன்னே நீட்டி, பாதங்களை மேற்பரப்பருகே வைத்து, சாய்வாகக் கரையை நோக்கி ஒதுங்க வேண்டும். வேகமான நீரில் எழுந்து நிற்க முயன்றால் பாதம் பாறையிடுக்கில் சிக்கி, பின்னாலிருந்து வரும் நீரே ஆளைக் குப்புறத் தள்ளிவிடும். ஐந்து செயல்களிலும் தேறிய பிறகு, உயிர்காப்பாளர் பணியில் இருக்கும் கடற்கரையில், அவர்கள் கொடிகளால் குறித்திருக்கும் எல்லைக்குள், நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் உடனிருக்க உங்கள் மகள் இறங்கலாம். ஆற்றுக்கு நான் அவ்வளவு எளிதில் சம்மதம் தர மாட்டேன்.

இனி மகன். காற்றுப் பட்டைகள் விளையாட்டுப் பொருட்கள். அவை கழன்றுவிடும், காற்று இறங்கிவிடும். அதைவிடப் பெரிய தீங்கு, பிள்ளையை நீருக்குள் செங்குத்தாக நிற்கப் பழக்கிவிடுவதும், பட்டை இல்லாதபோதும் தண்ணீர் தன்னைத் தாங்கும் என்று நம்ப வைப்பதும் ஆகும். படகிலோ திறந்த நீர்நிலையிலோ இருக்கும்போது உடல் எடைக்கு ஏற்ற, தரச்சான்று பெற்ற லைஃப் ஜாக்கெட் வேண்டும். சிறுவர்க்கானதில் கால்களுக்கு இடையே வரும் வார் இருக்கட்டும். அந்த அங்கியின் வார்களைப் பூட்டிய பின் அதன் தோள்பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள்; அங்கி காதுவரை ஏறிவந்தால் அது அளவுக்குப் பெரியது.

4 வயதில் பெரும்பாலான பிள்ளைகள் முறையான பயிற்சிக்கு ஆயத்தமாகிவிடுகிறார்கள், அவனையும் சேர்த்துவிடலாம். 2009இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, முறையான நீச்சல் பயிற்சி பெற்ற 1 முதல் 4 வயதுக் குழந்தைகளிடையே மூழ்கி இறக்கும் அபாயம் 88 விழுக்காடு குறைந்து காணப்பட்டதாகக் கூறுகிறது. ஆய்வில் இடம்பெற்ற குழந்தைகளின் எண்ணிக்கை சிறிது என்பதால் அந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது. பயிற்சி நன்மையே செய்கிறது என்பதற்கு மட்டும் அதைச் சான்றாகக் கொள்ளலாம். பயிற்சி பெற்ற சிறு பிள்ளையும் கண்காணிப்புக்கு உரிய பிள்ளையே. உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021இல் நீரில் மூழ்கி இறந்த ஏறத்தாழ 3 லட்சம் பேரில் நான்கில் ஒரு பங்கினர் 5 வயதுக்குட்பட்டவர்கள்.

கண்காணிப்பு என்றால் கையை நீட்டினால் பிள்ளையைத் தொடும் தொலைவில் இருப்பது. கரையில் அமர்ந்து கைபேசியைப் பார்த்தபடி, கூப்பிட்டால் கேட்கும் என்று எண்ணுவது கண்காணிப்பாகாது, ஏனெனில் மூழ்குபவர் பெரும்பாலும் கூப்பிடுவதில்லை. இதை 1970களில் நியூயார்க் கடற்கரையொன்றில் உயிர்காப்பாளராக இருந்த பிராங்க் பியா, உண்மையான மீட்புக் காட்சிகளைப் படம்பிடித்து விளக்கினார். வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் அந்தக் கணநேரம் மூச்சுவிடுவதற்கே போதவில்லை, கத்துவதற்கு இடமேது? கைகள் அசைந்து சைகை காட்டுவதில்லை. பக்கவாட்டில் விரிந்து நீரைக் கீழே அழுத்துகின்றன. உடல் செங்குத்தாக நிற்கும், கால்கள் உதைப்பதில்லை, தலை பின்னே சாய்ந்து வாய் திறந்திருக்கும். இந்நிலை ஏறத்தாழ 20 முதல் 60 நொடிகள் நீடிக்கும். அதன் பிறகு ஆள் அமிழ்ந்துவிடுவார். அருகில் நிற்பவர்க்குப் பிள்ளை விளையாடுவதாகவே தோன்றும். பெரியவர்கள் பலர் இருக்கும் இடத்தில் எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விடாமல், கால்மணி நேரத்துக்கு ஒருவர் என முறைவைத்துப் பொறுப்பேற்பது நல்லது. வீட்டில் வாளியும் தொட்டியும் பயன்படுத்திய உடனே கவிழ்க்கப்பட வேண்டும். தவழும், தளர்நடை போடும் குழந்தைகளுக்குச் சில அங்குல நீரே போதுமான ஆபத்து.

உங்கள் சொந்தப் பயிற்சியைப் பொறுத்தவரை, வயது தடையே அல்ல. பெரியவர்களை நிறுத்துவது மூச்சு. புதிதாகக் கற்பவர்கள் முகத்தை நீருக்குள் வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். தலையைத் திருப்பும் அரை நொடியில் பழைய காற்றை வெளியேற்றவும் புதிய காற்றை இழுக்கவும் வேண்டியிருப்பதால் எதுவும் முழுமையாக நடப்பதில்லை. நான்கைந்து முறைக்குள் திணறி எழுந்து நின்றுவிடுவார்கள். ஆகையால் முதல் சில வகுப்புகளில் கைவீச்சைப் பற்றி நினைக்கவே வேண்டாம். மார்பளவு நீரில் சுவரைப் பிடித்து நின்று, வாயால் மூச்சிழுத்து, முகத்தை அமிழ்த்தி, மூக்கு வழியாகக் குமிழிகள் இடைவிடாமல் வருமாறு மெதுவாக விட்டு, தலையைத் திருப்பி மீண்டும் இழுத்துப் பழகுங்கள். இருபது முறை அவசரமின்றிச் செய்ய முடிந்த பிறகு, கையைச் சுவரிலிருந்து எடுத்துக் குப்புற மிதந்து, முழங்கால்களை மார்புக்குக் கொண்டுவந்து, கைகளால் நீரைக் கீழே அழுத்தி எழுந்து நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும். மிதக்கும் நிலையிலிருந்து நிற்கும் நிலைக்குத் தானாகத் திரும்ப முடியும் என்று உடல் தெரிந்துகொண்ட நாளில் அச்சம் பாதியாகும். அதன் பிறகே மல்லாந்து மிதத்தல், உதைப்பு, கைவீச்சு.

வலிப்பு நோய், இதயத் துடிப்புக் கோளாறு, காரணம் தெரியாத மயக்கம் ஆகியவை இருந்தால் மருத்துவரின் ஒப்புதல் பெற்ற பின்பே நீரில் இறங்க வேண்டும், தனியாக ஒருபோதும் இறங்கக் கூடாது. மது அருந்திவிட்டு இறங்கவே கூடாது. நெடுநேரம் மூழ்கியிருக்கும் போட்டிகளையும் விலக்குங்கள். மூழ்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சுவிட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சுவிடத் தூண்டுவது அந்த வாயுவே என்பதால், உந்துதல் எழும் முன்னரே மூளைக்கு ஆக்சிசன் குறைந்து எச்சரிக்கையின்றி நினைவு தப்பும். திறமையான இளைஞர்களே இதில் மிகுதியாகச் சிக்குகிறார்கள்.

கடைசியாக, தத்தளிப்பவரைக் கண்டால். அவர் எட்டியதைப் பிடித்து மேலேறப் பார்ப்பார். எட்டியது நீங்களானால் இருவருமே அமிழ்வீர்கள். முதலில் உரக்கக் கத்தி ஆட்களைத் திரட்டி, ஒருவரை அவசர உதவி எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். பிறகு கரையில் குப்புறப் படுத்து, உங்கள் கால்களை வேறொருவர் பிடித்துக்கொள்ள, கழியோ புடவையோ துண்டோ நீட்டுங்கள். எட்டவில்லையென்றால் மிதக்கும் எதையாவது, மூடி இறுக்கிய காலி நீர்க் கேனைக்கூட, வீசுங்கள். கயிறு கட்டி வீசினால் இன்னும் நல்லது. உங்கள் பார்வை அவரைவிட்டு விலகக் கூடாது. அவர் அமிழ்ந்துவிட்டால் கரையிலுள்ள ஒரு மரத்தையோ கல்லையோ அடையாளமாக வைத்து அந்த இடத்தை நினைவில் கொள்ளுங்கள்.

கரைக்குக் கொண்டுவந்தவர் மூச்சுவிடவில்லை என்றால், வயிற்றை அழுத்தியும் தலைகீழாகத் தூக்கியும் தண்ணீரை வெளியேற்ற முயல்வது நேரத்தை வீணாக்கும். வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போகவும் இடமாகும். மூழ்கியவருக்கு இல்லாமற்போனது காற்று. ஆகவே மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சாய்த்து முகவாயை உயர்த்தி, மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து முதலில் 2 முறை மூச்சு ஊத வேண்டும்; சில நாடுகளின் வழிகாட்டுதலில் இது 5 முறை. அதன் பின் மார்பின் நடுவில் 30 அழுத்தங்கள், 2 மூச்சுகள் என்று மாற்றி மாற்றி, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள் என்ற வேகத்தில், உதவி வரும்வரை நிறுத்தாமல் செய்ய வேண்டும். இதை எழுத்தில் படிப்பதோடு விடாமல் ஒரு முதலுதவி வகுப்பில் பொம்மையின் மீது அழுத்திப் பழகுங்கள். உங்கள் நீச்சல் பயிற்சி முடியும்வரை இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பிழைத்து எழுந்து நன்றாகப் பேசுபவரையும், இருமலோ மூச்சிரைப்போ வழக்கத்துக்கு மாறான சோர்வோ இருந்தால், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று சில மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருக்கச் சொல்லுங்கள். நுரையீரலுக்குள் போன சிறிதளவு நீரின் விளைவு சில மணி நேரம் கழித்தும் கூடக்கூடும்.