ஜெர்மனியில் முதல் வேலை: பட்டம் கைக்கு வருமுன்பே தொடங்க வேண்டியவை

கேள்வி: கோவையில் மெக்கானிக்கல் பி.இ. முடித்து, ஒரு ஃபவுண்டரியில் எட்டு மாதம் வேலை பார்த்தேன். இப்போது ஜெர்மனியில் எம்.எஸ்சி. மூன்றாவது செமஸ்டர். நூறு விண்ணப்பங்களுக்கு மேல் அனுப்பியும் ஒரு நேர்காணல்கூட வரவில்லை. அனுபவம் போதாதா? படிப்பு முடிந்தபின் எவ்வளவு காலம் இங்கே தங்கி வேலை தேடலாம்?

பதில்: மூன்றாவது செமஸ்டரிலேயே கேட்டுவிட்டீர்கள், நல்லது. பட்டம் வாங்கியபின் கேட்பவர்களுக்கு ஒரு முக்கியமான கதவு ஏற்கெனவே மூடியிருக்கும்.

'வெர்க்ஸ்டூடன்ட்' எனப்படும் மாணவர் பணிதான் அந்தக் கதவு. பல்கலைக்கழகத்தில் பதிவு இருக்கும்வரைதான் இந்த வேலை கிடைக்கும். செமஸ்டர் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம் வரை செய்யலாம். விசா விதிப்படி ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் என்பது வரம்பு. நிறுவனங்கள் புதியவர்களைப் பார்த்துப் பழகி எடுப்பது இந்த வழியில்தான். ஆகவே இப்போதே முழுநேர வேலைக்கு விண்ணப்பிப்பதை நிறுத்திவிட்டு, இதற்கு மட்டும் அனுப்புங்கள். ஆறேழு மாதம் வேலை பார்த்த பிறகு, மாஸ்டர் தீசிஸை அதே நிறுவனத்தில் செய்ய முடியுமா என்று கேளுங்கள். தலைப்பைப் பேராசிரியர் ஏற்றுக்கொண்ட பிறகே நிறுவனத்துக்கு உறுதி சொல்லுங்கள். வரிசையை மாற்றினால், நிறுவனம் தந்த தலைப்பு ஆய்வுக்கு ஏற்றதாக இல்லை என்று பேராசிரியர் மறுத்து, மாதங்கள் வீணாகும்.

அடுத்தது மொழி. உங்கள் துறையில் ஆங்கிலம் மட்டும் போதும் என்பது பெரிய நிறுவனங்களின் ஆராய்ச்சிப் பிரிவுகள் சிலவற்றுக்குத்தான் பொருந்தும். அங்கேதான் எல்லாரும் முட்டிமோதுகிறார்கள். ஹைல்பிரான், உல்ம், பீலஃபெல்ட் பக்கத்து நடுத்தர இயந்திர நிறுவனங்களில் பட்டறை ஆட்களோடு ஜெர்மனில்தான் பேச வேண்டும். ஜெர்மன் மொழித் தேர்வில் பி1 என்ற நடுத்தர நிலை இருந்தால் கூப்பிட்டுப் பார்ப்பார்கள், அதற்கு அடுத்த பி2 இருந்தால் தயக்கம் பெரிதும் குறையும். இன்னொரு ஆன்லைன் மென்பொருள் சான்றிதழுக்குச் செலவிடும் நேரத்தை இதற்குக் கொடுங்கள்.

எட்டு மாத ஃபவுண்டரி அனுபவம் வீணில்லை, அதைக் காட்டும் விதம்தான் மாற வேண்டும். நம் ஊர் அனுபவச் சான்றில் பெரும்பாலும் பதவியும் தேதியும் மட்டுமே இருக்கும். ஜெர்மனியின் 'ஆர்பைட்ஸ்சாய்க்னிஸ்' என்ற பணிச்சான்று, என்ன செய்தீர்கள், எப்படிச் செய்தீர்கள் என்று விரிவாக மதிப்பிடும். ஊழியர் கேட்டால் தந்தாக வேண்டும் என்பது சட்டம். எனவே பழைய மேலாளரிடம், செய்த வேலைகளை வரிவரியாகக் குறிப்பிட்ட புதுக் கடிதம் வாங்குங்கள்: எந்த உலோக வார்ப்பு, என்ன குறைபாட்டு ஆய்வு, கழிவு எத்தனை சதவீதம் குறைந்தது என்று. மாணவர் பணி முடிந்ததும் அங்கேயும் சான்று கேளுங்கள். அதன் வாசகம் பூடகமானது. 'எங்களுக்கு நிறைவளிக்கும் வகையில்' என்று மட்டும் இருந்தால், கேட்க இனிமையாக இருந்தாலும், தட்டுத்தடுமாறித் தேறியவர் என்று பொருள். 'ஸ்டேட்ஸ்' (எப்போதும்), 'ஃபோல்ஸ்டன்' (மிக முழுமையான) என்ற இரு சொற்களும் அதே வரியில் சேர்ந்து வந்தால்தான் முதல் தரம்.

சிஜிபிஏவையும் ஜெர்மன் மதிப்பெண்ணாக மாற்றி எழுதுங்கள். உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்களுடையதைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். உச்சம் 10, தேர்ச்சி 5, உங்களுடையது 8 என்றால் 2.2 வரும். அங்கே 1 தான் முதலிடம். மாற்றாமல் வெறும் 8 என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

இனி காலக்கெடு. ஜெர்மன் பட்டதாரிக்கு வேலை தேட 18 மாத அனுமதி உண்டு. அந்தக் காலத்தில் எந்த வேலையும் பார்க்கலாம். ஆனால் நீட்டிப்பு கிடையாது. மாணவர் விசா முடியும் முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். அலுவலகத்தில் சந்திப்பு நேரம் கிடைக்கத் தாமதமானாலும், உரிய காலத்தில் விண்ணப்பித்திருந்தால் முடிவு வரும்வரை பழைய அனுமதி செல்லும். அதற்கான இடைக்காலச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

வேலை கிடைத்ததும், பட்டம் பெற்ற வெளிநாட்டவருக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலை அனுமதியான ப்ளூ கார்டு பற்றிப் பேச்சு வரும். 2025இல் அதற்குப் பொதுவான ஆண்டுச் சம்பள வரம்பு 48,300 யூரோ. பட்டம் பெற்று மூன்று ஆண்டுக்குள் இருப்பவர்களுக்கு 43,759.80 யூரோ. இது ஆண்டுதோறும் மாறும். இதைவிடக் குறைவான சம்பளம் என்றாலும் கலங்க வேண்டாம்: பட்டதாரிகளுக்கான சாதாரண வேலை அனுமதிக்கு உங்கள் வயதில் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று நிர்ணயிக்கப்படவில்லை. அதே வேலை பார்க்கும் உள்ளூர்க்காரருக்கு இணையாகத் தர வேண்டும், அவ்வளவுதான். வரம்பைத் தொடவில்லை என்று நல்ல வேலையை உதறியவர்கள் பலர்.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறொன்று. புதியவர்களை எளிதில் எடுத்துக்கொள்ளும் பொறியியல் சேவை நிறுவனங்கள் சில, உங்களை வேறொரு நிறுவனத்துக்கு ஆளாக வாடகைக்கு அனுப்பும். 18 மாத அனுமதியில் இருக்கும்வரை இதில் தடையில்லை. ஆனால் வேலை அனுமதிக்கு மாறும்போது, கூட்டரசு வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதல் தேவைப்படும் வகைகளில், வாடகை ஊழியர் என்றால் சட்டப்படி மறுத்துவிடுவார்கள். புதுப்பட்டதாரிக்கான குறைந்த வரம்பு ப்ளூ கார்டும் சாதாரண வேலை அனுமதியும் அந்த வகைகளே. ஒப்பந்தத்தில், ஊழியரை வாடகைக்கு அனுப்புவதைக் குறிக்கும் 'ஆர்பைட்நேமர்ஊபர்லாசுங்' என்ற சொல் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் தேடிப் பாருங்கள். இருந்தால், எந்த அனுமதிக்கு விண்ணப்பிக்கப் போகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.