வசந்தத்தில் தேனீப் பெட்டி: கேள்வி பதில்

குளிர் முடிந்து முதல் பூக்கள் வந்ததும் பெட்டிகளில் என்ன வேலை என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்வதெல்லாம் ஐரோப்பியத் தேனீயை வைத்து.

கேள்வி: ஐயா, குளிர்காலம் முழுக்கப் பெட்டியைத் திறக்கவே இல்லை. எப்போது திறக்கலாம்?

காற்றில்லாத, வெயிலடிக்கிற நண்பகலாகப் பார்த்துத் திறங்கள். 15 டிகிரி செல்சியஸாவது இருக்கட்டும். புழுக்கள் உள்ள மெழுகு அடையைத் தேனீக்கள் 34, 35 டிகிரியில் காத்து வருகின்றன. அடை கட்டிய மரச் சட்டத்தை வெளியே நெடுநேரம் வைத்திருந்தால் புழுக்கள் குளிரில் செத்துவிடும். முதல் தடவை பத்து நிமிடம் போதும். ராணியைத் தேடி அலைய வேண்டாம். வெயில் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து விழும்படி சட்டத்தைச் சாய்த்துப் பிடியுங்கள். வெள்ளை நூலைப் பொடிப்பொடியாக நறுக்கி நட்டது போல, அடையின் சிறு அறைக்கு ஒன்றாக முட்டைகள் தெரியும். தெரிந்தால், கடந்த மூன்று நாளுக்குள் ராணி அங்கே வந்து போயிருக்கிறாள். மூடிவிடலாம்.

கேள்வி: என் கூட்டம் குளிரைத் தாண்டிவிட்டது. இனிப் பயமில்லை அல்லவா?

பயப்பட வேண்டியதே இப்போதுதான். ராணி முட்டையிடுவதைக் கூட்டக் கூட்ட, புழுக்களை ஊட்டி வளர்க்கவே இருப்புத் தேன் மளமளவென்று கரையும். நடுவில் நாலு நாள் மழை பிடித்துக்கொண்டால் போச்சு. நான் தொடங்கிய புதிதில் நல்ல வலுவான கூட்டம் ஒன்றை இப்படித்தான் இழந்தேன். திறந்து பார்த்தபோது தலையை அறைக்குள் விட்டு, வால்நுனி மட்டும் வெளியே தெரிய வரிசை வரிசையாகச் செத்துக் கிடந்தன. பக்கத்துச் சட்டத்திலும் ஒரு சொட்டுத் தேன் இல்லை. அந்தக் காட்சி இன்னும் மனதை அறுக்கிறது. அதிலிருந்து ஒவ்வொரு பெட்டியின் பின்பக்கத்தையும் ஒரு கையால் தூக்கிப் பார்க்காமல் நான் வீடு திரும்புவதில்லை.

லேசாக இருந்தால், ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று பாகு கரைத்து, மாலையில் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். வெளியே சிந்தினால் மற்றக் கூட்டங்கள் கொள்ளையடிக்க வந்துவிடும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத தேனை ஊட்டவே கூடாது. புழு அழுகல் நோய் அதன் வழியாகப் பரவும்.

கேள்வி: அடிப்பலகையில் செத்த தேனீக்கள் கிடக்கின்றன. நோயா?

ஒரு பிடி, இரண்டு பிடி என்றால் வயதாகிச் செத்தவைதான். சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். ஓரத்தில் காலியாக நிற்கும் கறுத்த பழைய அடைகளையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, போன வருடம் கூட்டம் பிரிந்து பறந்துவிட்டது. புது ராணி வளரும் ராணி அறைகளைக் கிள்ளிப் போட்டும் நிற்கவில்லை.

கிள்ளினால் நிற்காது தம்பி. பிரிவதுதான் கூட்டம் பெருகும் வழி. நல்ல ராணி இந்தப் பருவத்தில் ஒரு நாளைக்கு 1,500 முட்டைக்கு மேல் இடுவாள்; 21 நாளில் அவை தேனீயாக வெளியே வரும். இடம் நெருங்குவதற்கு முன்பே, தேன் சேரும் மேல்பெட்டியான தேன் அறையை ஏற்றிவிட வேண்டும்.

அப்புறம், வாரம் தவறாமல் அடைகளின் கீழ் விளிம்பைப் பாருங்கள். வேர்க்கடலை போலத் தொங்கும் ராணி அறை, முட்டையிட்ட எட்டாம் ஒன்பதாம் நாளில் மூடப்படும்; பெரும்பாலும் அதையொட்டித்தான் பழைய ராணி கூட்டத்தோடு கிளம்புவாள். பல அறைகளைக் கண்டால் நீங்களே பிரித்துவிடுங்கள். பழைய ராணியை இரண்டு மூன்று சட்டங்களோடும் தேனோடும் புதுப் பெட்டிக்கு மாற்றுங்கள். வெளியே போய் வரும் தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும் என்பதால், இன்னும் இரண்டு சட்டத்துத் தேனீக்களை அதில் உதறிவிடுங்கள். பழைய பெட்டியில் நல்ல ராணி அறை ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, மூன்று வாரம் தொந்தரவு செய்யாதீர்கள். புது ராணி வெளிவந்து, பறந்து இணைந்து, முட்டையிட அவ்வளவு நாள் வேண்டும்.

அடையின் நடுவில் ஒன்றிரண்டு அறை மட்டும் இருந்தால் தொடாதீர்கள். தளர்ந்த ராணியைக் கூட்டமே மாற்றிக்கொள்கிறது.

கேள்வி: தேனீயில் ஒட்டி வாழும் வரோவா உண்ணிக்கு இப்போதே மருந்து வைக்கலாமா?

முதலில் எண்ணுங்கள். ராணி இல்லாத புழுச் சட்டத்திலிருந்து சுமார் 300 தேனீக்களை, வலை மூடி போட்ட ஜாடியில் எடுத்து, பொடித்த சர்க்கரை தூவி உருட்டி, உண்ணிகளைத் தட்டில் உதறுங்கள். நூறு தேனீக்கு இரண்டு மூன்று வந்தால் தள்ளிப்போடாதீர்கள். மருந்தை, தேன் அறை ஏற்றும் முன்பே முடித்துவிடுங்கள்.

கேள்வி: மெலிந்த கூட்டத்தை வலுவானதோடு சேர்க்கலாமா?

நோயில்லை என்று உறுதியானால் சேருங்கள். மெலிந்த கூட்டத்து ராணியை எடுத்துவிட்டு, இரண்டு பெட்டிக்கும் நடுவே ஒரு செய்தித்தாளை விரித்து, ஊசியால் சில துளை போடுங்கள். தாளைக் கடித்துத் தீர்ப்பதற்குள் வாசனை கலந்துவிடும், சண்டை வராது.