சிரியஸ் கட்சியா, அக்கா கட்சியா?

கேள்வி: நானும் அக்காவும் ஹாரி பாட்டர் பைத்தியங்கள். சிரியஸ் பிளாக் மாதிரி ஒரு ஞானத்தந்தை கிடைக்க ஹாரி கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. 'பச்சைக்குழந்தையாக இருந்தபோது விட்டுவிட்டுப் போனார், வளர்ந்த பிறகு கெடுத்தார்' என்பது அக்கா கட்சி. இப்போது பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது. யார் சொல்வது சரி?
- ஒரு கல்லூரி மாணவி

பதில்: முதலில் அக்காவிடம் பேசிவிடம்மா. அவர் சொல்வதில் பாதி சரி.

தப்பான பாதியை முதலில் பார்ப்போம். ஹாரியின் பெற்றோர் கொல்லப்பட்ட இரவில் சிரியஸ் குழந்தையை விட்டுவிட்டு ஓடவில்லை. என்னிடம் கொடு, நான் வளர்க்கிறேன் என்று, குழந்தையை எடுத்துப்போக வந்த ஹாக்ரிடிடம் கேட்டார். மந்திரப் பள்ளித் தலைமை ஆசிரியர் டம்பிள்டோர் உத்தரவு என்று ஹாக்ரிட் மறுத்துவிட்டார். அதன் பிறகுதான் தன் மோட்டார் சைக்கிளை அவரிடமே கொடுத்துவிட்டு, காட்டிக்கொடுத்தவனைத் தேடிப் போனார். போன இடத்தில் பழி இவர்மேல் விழுந்து, விசாரணையே இல்லாமல் 12 வருடம் அஸ்கபானில். சிறைக்குள் போகும்போது இருபதைத் தாண்டிய இளைஞர். தப்பி வந்தவரும் ஏறக்குறைய அதே இளைஞர்தான், முகம் மட்டும் கிழடு தட்டியிருந்தது.

'கெடுத்தார்' என்பதற்கு வருவோம். 2000-ல் வந்த நான்காம் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். வில்லன் வோல்டமார்ட் தாக்கியபோது வந்த தழும்பு வலிக்கிறது என்று ஹாரி ஒரு கடிதம் போட்டதும், தன்னை ஊரே தேடுகிறது என்று தெரிந்தும் திரும்பி வருகிறார். பள்ளிக்குப் பக்கத்து ஊரான ஹாக்ஸ்மீடுக்கு வெளியே ஒரு குகையில், பெரும்பாலும் எலியைத் தின்றுகொண்டு, பையனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். இருட்டில் சுற்றாதே, தனியாகப் போகாதே என்று புத்தி சொல்கிறார். இதில் எங்கே கெடுதல்?

அப்புறம் 2003-ல் ஐந்தாம் புத்தகம். அவர் வெறுத்து ஓடிப்போன சொந்த வீட்டிலேயே அவரை அடைத்து வைக்கிறார்கள். செய்ய ஒரு வேலையும் இல்லை. அங்கேதான் ஆள் சரிகிறார். ஹாக்ஸ்மீடில் சந்திக்கலாம் என்று ஆசைப்படுகிறார். மாட்டிக்கொள்வீர்கள், வேண்டாம் என்கிறான் ஹாரி. உடனே, நான் நினைத்த அளவுக்கு நீ உன் அப்பாவைப் போல இல்லை, ஜேம்ஸுக்கு ஆபத்தில்தான் சுவாரசியமே என்று குத்துகிறார். அப்பா முகமே தெரியாமல் வளர்ந்த பிள்ளையிடம் சொல்கிற பேச்சா இது? இந்த இடத்தில் நான் முழுக்க உங்கள் அக்கா பக்கம்.

ஆனால் பையன் கெட்டானா? விடுமுறை முடிந்து பள்ளிக்குக் கிளம்பும்போது சிரியஸ் ஒரு பொட்டலம் கொடுக்கிறார். ஆசிரியர் ஸ்னேப் தொல்லை கொடுத்தால் இதில் எனக்குத் தெரிவி என்று. ஹாரி அதைப் பிரிக்கவே இல்லை. தான் கூப்பிட்டால் இந்த மனிதர் யோசிக்காமல் கிளம்பி வந்து பிடிபடுவார் என்று அவனுக்குத் தெரியும். பதினைந்து வயதுப் பையன் காப்பாளரைக் காபந்து பண்ணுகிறான்! உள்ளே இருந்தது, முகம் பார்த்துப் பேசிக்கொள்ளும் மந்திரக் கண்ணாடி. சிரியஸ் எங்கே, என்ன ஆனார் என்று அவன் துடித்த நாளில் அந்தப் பொட்டலம் ஞாபகத்துக்கே வரவில்லை. அவர் செத்த பிறகுதான் பிரிக்கிறான். அந்த அத்தியாயத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குக் கோபம்தான் வரும், சிரியஸ்மேல் இல்லை, அவரைச் சும்மா உட்கார வைத்த டம்பிள்டோர்மேல். பொறுப்பு கொடுத்தபோது பொறுப்பாக இருந்த மனிதர் அவர். சண்டை போட்டே ஆகவேண்டும் என்றால் அக்காவும் தங்கையும் சேர்ந்து டம்பிள்டோரோடு போடுங்கள்.

கேள்வி: உண்மையான காப்பாளர், ஹாரியின் நண்பன் ரானின் அம்மா மாலி வீஸ்லி அல்லவா?
- இரண்டு பிள்ளைகளின் தாய்

பதில்: சோறு போட்டது, வருடம் தவறாமல் ஸ்வெட்டர் பின்னியது, கட்டிப்பிடித்துத் தேற்றியது எல்லாம் மாலிதான். ஆனால் வோல்டமார்ட் திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்த பையனிடமே, 'உனக்கு எதுவும் தெரிய வேண்டாம்' என்று தடுத்ததும் அவர்தான். அவன் கேட்கட்டும், சொல்வோம் என்று மல்லுக்கு நின்றவர் சிரியஸ். அந்த ராத்திரி சிரியஸ்தான் சரி. மறைத்தது தன் தவறு என்று டம்பிள்டோரே கடைசியில் ஒத்துக்கொள்கிறாரே.

கேள்வி: தன் வீட்டு வேலைக்கார எல்ஃப் கிரீச்சரை சிரியஸ் நடத்திய விதத்துக்கு என்ன சமாதானம் சொல்வீர்கள்?
- ஒரு வாசகர்

பதில்: சமாதானமே கிடையாது. ஒருவன் எப்படிப்பட்டவன் என்று தெரிய, தனக்குக் கீழே இருப்பவர்களை எப்படி நடத்துகிறான் என்று பார் என்று ரானுக்கு உபதேசம் செய்தவர் இவர். தன் வீட்டு எல்ஃபிடம் காட்டியதெல்லாம் எரிச்சல்தான். அந்த கிரீச்சர் சொன்ன பொய்தான் கடைசியில் அவர் சாவில் போய் முடிந்தது. ஏழாம் புத்தகத்தில் ஹாரி கிரீச்சரை உட்காரவைத்துக் கதை கேட்கிறான், தன்மையாகப் பேசுகிறான், சிரியஸின் செத்துப்போன தம்பி ரெகுலஸின் லாக்கெட்டைக் கொடுக்கிறான். இதுவும் சிரியஸ் வளர்ப்பு என்று அவருடைய விசிறிகள் உரிமை கொண்டாடுவார்கள். விடாதீர்கள், அது எல்ஃப்களுக்காகப் பரிந்து பேசும் தோழி ஹெர்மயோனி வளர்ப்பு.